சொந்தப் பாட்டோடு மேடையேற: டெல்டாவில் கிராமியப் பாட்டுக்கு வரும் புதியவர்களுக்கு

கிராமியப் பாட்டுப் பாட வேண்டும், அதுவும் அடுத்தவர் பாட்டை இல்லை, தானே கட்டிய பாட்டை என்று கிளம்பியிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்தில் இருந்துகொண்டே இதைச் செய்யலாம். சென்னைக்குப் போய் சினிமா வாய்ப்புத் தேடுவது வேறு தொழில். அதைப் பற்றி இங்கே பேச்சில்லை. வேதாரண்யத்துக்குப் பக்கத்துப் புஷ்பவனத்தில் பிறந்த குப்புசாமி, ஊர்ப் பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டே தமிழ்நாடு முழுக்கப் பாடினார். ஊரை மறைக்கத் தேவையில்லாத தொழில் இது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குச் சோறு போடப்போவது திருவிழா மேடை. யூடியூப் உங்களை அந்த மேடைக்குக் கூப்பிட வைக்கும், அவ்வளவுதான். மேடையிலோ ஜனங்கள் கேட்பது அவர்களுக்குத் தெரிந்த பாட்டு. அதற்கு நடுவில் சொந்தப் பாட்டை நுழைத்து, "அந்தப் படித்துறைப் பாட்டைப் பாடுற பொண்ணுதானே, கூப்பிடுங்க" என்று கமிட்டிக்காரர் சொல்லும்படி செய்வதுதான் மொத்த வேலையும். அதற்குச் சில சீசன்கள் ஆகும். அதுவரைக்கும் கையில் இருக்கும் வேலையை விட்டுவிடாதீர்கள்.

கேட்கப் போங்கள்

பாட்டுக் கட்டுவதற்கு முன்னால் பாட்டுக் கேட்க வேண்டும். செல்போனில் கேட்பதைச் சொல்லவில்லை.

இப்போது நடவு வயலில் பாட்டு அபூர்வம். பாதி வயலில் இயந்திரம் நடுகிறது, மீதியில் வடமாநிலத்து ஆட்கள் குத்தகை பேசி நடுகிறார்கள். ஆனால் பாடியவர்கள் ஊரில்தான் இருக்கிறார்கள். நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில், சாப்பாட்டு நேரத்தில் மரத்தடிக்குப் போங்கள். "அந்தக் காலத்துப் பாட்டு ஒண்ணு பாடுங்க ஆயா" என்று கேட்டால், "அதெல்லாம் மறந்துபோச்சு தம்பி" என்றுதான் பதில் வரும். கேட்காதீர்கள். நீங்களே தெரிந்த ஒரு நடவுப் பாட்டை அரைகுறையாக எடுத்துப் பாடுங்கள். இரண்டாவது அடி தாண்டுவதற்குள் யாராவது ஒரு அம்மா "அப்படி இல்ல அது" என்று திருத்துவார். அப்புறம் பக்கத்தில் இருப்பவர் அவரைத் திருத்துவார். அன்றைக்கு உங்களுக்கு நல்ல வேட்டை.

பதிவு செய்வதற்கு முன் அனுமதி கேளுங்கள். பதிவின் தொடக்கத்திலேயே பாடுபவர் பெயர், ஊர், தேதியை உங்கள் குரலில் சொல்லிவிடுங்கள். பின்னால் எந்தக் கோப்பு யாருடையது என்று தேடித் திண்டாட வேண்டாம். கையில் ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள். அவர்களுடைய அரை மணி நேரத்துக்கும் கூலி உண்டு. இன்னொன்று: ஒப்பாரியை வீட்டுக்குள் வைத்துப் பாடச் சொல்லாதீர்கள். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வைப்பது ஆகாது என்று பெரியவர்கள் நினைப்பார்கள். வெளியே களத்துமேட்டில், அவர்களாக மனசு வைத்தால் பாடுவார்கள்.

என்ன கவனிக்க வேண்டும்? வார்த்தையைவிட மூச்சை. நடவில் பெண்கள் பின்னோக்கி நகர்ந்துகொண்டே நடுவார்கள். இடது கையில் நாற்று முடி, வலது கை பிரித்துச் சேற்றில் ஊன்றும். குனிந்த வயிற்றுக்கு நீண்ட மூச்சு கிடையாது. அதனால்தான் அடிகள் சின்னது. ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடும் நேரத்தில் எடுத்தவருக்கு மூச்சு திரும்பும். பின்பாட்டு அலங்காரத்துக்கு வந்தது இல்லை. இதைப் புரிந்துகொண்டவர் கட்டும் பாட்டுக்கும், ஏசி அறையில் ட்ராக் போட்டுக்கொண்டு எழுதும் பாட்டுக்கும் உள்ள வித்தியாசம் முதல் அடியிலேயே தெரிந்துவிடும்.

வயலோடு நிற்காதீர்கள். நாகப்பட்டினம் கடற்கரைக் குப்பங்களில் வலை இழுக்கும் அம்பாப் பாட்டு தெரிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். நாகூரில் இஸ்லாமியப் பாடகர்களான பக்கிர்ஷாக்கள் தாயிரா என்ற தோல்கருவியைக் கொட்டிப் பாடுவதைக் கேளுங்கள். தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981-இல் தொடங்கியது, அங்கே நாட்டுப்புறவியலுக்கென்றே ஒரு துறை உண்டு. ஏட்டில் படிக்க விரும்பினால் அங்கே போகலாம். ஆனால் மரத்தடிக்குப் போன பிறகு போங்கள்.

பாட்டுக் கட்டுவது

இங்கேதான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். மேட்டூரில் வழக்கமாகத் தண்ணீர் திறக்கும் நாள் ஜூன் 12. கடைமடைக்கு அது வந்து சேருவது பெரும்பாடு. இதைப் பாட்டாக்கச் சொன்னால் பத்துக்கு எட்டுப் பேர் இப்படித்தான் தொடங்குவார்கள்:

காவிரித் தாயே நீ எங்கே போனாய்
கடைமடை உழவன் கண்ணீர் பாராய்

இதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் இதைக் கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டும் எழுதலாம். கண்ணீர் என்று எழுதினால் கேட்பவருக்குக் கண்ணீர் வராது. கடைமடையில் இருப்பவன் என்ன பார்க்கிறான்? டிவியில் மதகைத் திறந்து பூத்தூவுகிறார்கள். இவன் ஊர் வாய்க்காலில் ஆடு மேய்கிறது. ஆடிப்பெருக்கும் வந்துவிட்டது. பெண்கள் காப்பரிசியும் கருகமணியும் எடுத்துக்கொண்டு எங்கே போவார்கள்? அந்தக் கேள்வியில்தான் பாட்டு இருக்கிறது:

பன்னண்டாந் தேதி தொறந்தாங்க
பத்திரிகையில படம் போட்டாங்க
பதினெட்டாம் பெருக்கு வந்திருச்சு – எங்க
படித்தொற இன்னும் நனையலியே

புலம்பல் ஒரு வார்த்தை கூடக் கிடையாது. தேதி, பத்திரிகை, பெருக்கு, படித்துறை. நான்கு அடியும் 'ப'வில் எடுக்கிறது. அந்த மோனைதான் பாடுபவருக்கு ஞாபகமும் கேட்பவருக்குப் பிடிமானமும். 'எங்க' என்ற சொல் மூன்றாம் அடியின் கடைசியில் தொங்கி நிற்கிறது, பாருங்கள். அங்கே தாளம் ஒரு இடம் காலியாக விடும். தப்புக்காரர், அதாவது தப்புப் பறை அடிப்பவர், அந்த இடத்தில் ஒரு அடி போட்டுவிட்டு நிறுத்தினால், நான்காவது அடியைக் கூட்டமே சேர்ந்து பாடும். முதல் கண்ணியில் பாடாவிட்டாலும் மூன்றாவதில் பாடிவிடும்.

எழுதியதும் நடந்துகொண்டே பாடிப் பாருங்கள். நடையில் இடறும் அடி மேடையிலும் இடறும். மூச்சு முட்டினால் ஒரு சீரைக் குறையுங்கள். எழுத்துத் தமிழ் எங்காவது முறைத்துக்கொண்டு நின்றால் உங்கள் அம்மா அதை எப்படிச் சொல்வார் என்று யோசியுங்கள். ஆனால் வேண்டுமென்றே கொச்சையாக்குவதும் வேண்டாம். மதுரைத் தெம்மாங்கில் கேட்ட சொல்லைத் திருத்துறைப்பூண்டிப் பாட்டில் ஒட்டினால் ஊர்க்காரர்கள் உடனே கண்டுபிடிப்பார்கள்.

மெட்டு விஷயம். பரம்பரை மெட்டு யாருக்கும் சொந்தம் இல்லை, எடுத்துக்கொள்ளலாம். சினிமா மெட்டுக்கு வார்த்தை மாற்றிப் போடுவது நம்மூர் மேடையில் பழக்கமாகிவிட்டது. கைதட்டு கிடைக்கும், ஆனால் அந்தப் பாட்டை இணையத்தில் ஏற்றியதும் உரிமைக்காரர் வந்து நிற்பார். உங்கள் பெயரில் நிற்க வேண்டிய பாட்டுக்கு அது வேண்டாம்.

ஒரு தந்திரமும் சொல்லிவைக்கிறேன். ஊர்ப் பெருமைப் பாட்டு ஒன்றைக் கட்டி, அதில் ஒரு கண்ணியை மட்டும் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். போகிற ஊரின் காவல் தெய்வம், குளம், சந்தை என்று முன்கூட்டியே விசாரித்து அங்கே பொருத்திவிடலாம். தெருப் பெயர்களைச் சேர்ப்பதாக இருந்தால் எல்லாத் தெருவையும் சேருங்கள். ஒரு தெருவை விட்டுவிட்டால் அன்றைக்குக் கச்சேரி அங்கேயே நின்றுவிடும்.

சுதியும் குழுவும்

சுதி எவ்வளவு உயரம் என்பதைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். பெண் பாடகர்கள் பொதுவாக ஐந்து, ஐந்தரைக் கட்டையிலும், ஆண்கள் ஒன்று, ஒன்றரை, இரண்டிலும் பாடுவது வழக்கம். உங்கள் கட்டை எது என்று தெரிந்துகொண்டு, அதைவிட அரைக் கட்டை இறக்கியே மேடையில் தொடங்குங்கள். மூன்று மணி நேரம் கத்த வேண்டியிருக்கிறது. நையாண்டி மேளத்தோடு சேர்ந்து பாடினால் மட்டும் நாயனத்தின் சுதிக்கு நீங்கள் போக வேண்டும். அது உங்களுக்காக இறங்கி வராது. இசை அடிப்படை இல்லையே என்று தோன்றினால் திருவையாற்றில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது, திருவாரூரிலும் சீர்காழியிலும் அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. ஓரளவு சுதி, தாளம் பிடிபட்டால் போதும். குரலை மெருகேற்றுகிறேன் என்று மண்வாசனையைத் துடைத்துவிட்டு வந்தவர்களும் உண்டு.

குழுவைச் சின்னதாகத் தொடங்குங்கள். நீங்கள், பின்பாட்டுக்கு இரண்டு பேர், ஒரு டோலக், ஒரு தப்பு. கீபோர்டும் ரிதம் பேடும் வந்தால் சத்தம் கூடும், வேனும் பெரிதாகும், பங்குபோடும் கைகளும் அதிகமாகும். தோல் தப்பு என்றால் காய்ச்ச இடம் வேண்டும். மார்கழி, தைப் பனியில் தோல் தொய்ந்துவிடும், பாட்டுக்குப் பாட்டு வைக்கோல் போட்டுச் சூடுகாட்ட வேண்டியிருக்கும். மேடைக்குப் பின்னால் ஒரு ஓரமும் ஒரு கட்டு வைக்கோலும் கேட்டு வைத்துவிடுங்கள். டெல்டாவில் வைக்கோலுக்கு யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். ஃபைபர் தப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் சத்தம் எனக்குப் பிடிப்பதில்லை.

குழுவில் எல்லாருக்கும் ஒரே பந்தி, ஒரே இலை. சில ஊர்களில் தப்புக்காரரை மட்டும் தனியே உட்காரச் சொல்வார்கள். அப்போது குழுவே எழுந்து போய் அவரோடு உட்கார வேண்டும். இதைத் தேதி பேசும்போதே பக்குவமாகச் சொல்லிவிடலாம். சாதிப் பெருமை பாடச் சொல்லிச் சீட்டு வந்தால், "நம்ம குழு அது பாடுறதில்லண்ணே" என்று மைக்கை மூடிக்கொண்டு சொல்லிவிட்டு அம்மன் பாட்டு எடுங்கள்.

தேதி பேசுவது

சம்பா அறுத்துக் கையில் காசு புழங்கும் தை மாதத்திலிருந்து சீசன் சூடுபிடிக்கும். மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி முழுக்கக் காப்புக்கட்டு, தீமிதி, செடில் என்று வரிசையாக வரும். ஆடியில் மறுபடியும் அம்மன் கோயில்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேடையே போட முடியாது. பாட்டுக் கட்டவும் பதிவு செய்யவும் அந்த இரண்டு மாதங்கள்தான். சீசன் பணத்தில் ஒரு பங்கை மழைக்காலத்துக்கு எடுத்துவைக்காதவர்கள் கார்த்திகையில் நகையை அடகு வைக்கிறார்கள்.

ஏஜென்ட் வழியாக வரும் தேதியில் உங்கள் சம்பளம் எவ்வளவு, கமிட்டி கொடுத்தது எவ்வளவு என்பது உங்களுக்குத் தெரியாது. தொடக்கத்தில் வேறு வழியில்லை, போங்கள். ஆனால் ஒவ்வொரு ஊரிலும் கமிட்டி ஆளிடம் உங்கள் நம்பர் அச்சடித்த அட்டையைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

நேரடியாகப் பேசும்போது வாய்ப்பேச்சோடு விடாமல் வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள்: தேதி, ஊர், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை பேர், மைக்செட் யாருடையது, ஜெனரேட்டர் உண்டா, வேன் வாடகை சேர்ந்ததா, சாப்பாடு, மொத்தத் தொகை, முன்பணம். "சரி" என்று ஒரு பதில் வந்துவிட்டால் போதும். மூன்றில் ஒரு பங்காவது முன்பணம் வாங்காமல் தேதியைக் குறிக்காதீர்கள். மீதியைக் கடைசிப் பாட்டுக்கு முன்னாலேயே வாங்கிவிடுங்கள். மங்களம் பாடி முடித்த பிறகு கமிட்டியில் ஒருவர்கூடக் கண்ணில் பட மாட்டார்.

நேரம் முக்கியம். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. விசேஷ நாட்களுக்கு அரசு நள்ளிரவு வரை தளர்த்தலாம், அதுவும் ஆண்டுக்கு 15 நாளுக்கு மேல் கிடையாது. காவல் நிலைய அனுமதி வாங்குவது கமிட்டியின் பொறுப்பு என்பதையும் அந்த வாட்ஸ்அப்பிலேயே எழுதிவிடுங்கள். சாமி ஊர்வலம் தாமதமாகி ஒன்பதரைக்கு மேடை கிடைத்தால், அரை மணியில் என்ன பாடுவது என்று ஒரு குறுகிய பட்டியலும் கைவசம் இருக்கட்டும்.

சொந்தப் பாட்டை எங்கே வைப்பது? முதலில் சாமி பாட்டு, அப்புறம் தெரிந்த வேகப்பாட்டு இரண்டு. கூட்டம் உட்கார்ந்ததும் நான்காவதாக உங்கள் பாட்டு. குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் கிளம்புவதற்கு முன்னால் பாடிவிட வேண்டும், ஏனென்றால் மறுநாள் குளத்தங்கரையில் அதைத் திரும்பப் பாடப்போவது அவர்கள்தான். பாடுவதற்கு முன் பெரிய முன்னுரை வேண்டாம். பின்பாட்டு அடியை மட்டும் ஒரு தடவை சொல்லிக்கொடுங்கள்.

பெண் பாடகர்கள் உடைமாற்ற மூடிய இடம், கழிப்பறை, திரும்பி வர வண்டி ஆகிய மூன்றும் உறுதியாகாமல் எந்தத் தேதிக்கும் ஒப்புக்கொள்ள வேண்டாம். மேடையேறி நோட்டு நீட்டுபவர்களுக்கென்று முன்வரிசையில் ஒரு தட்டு வைத்து, அதில் போடச் சொல்லிக் கமிட்டியை அறிவிக்க வைக்கலாம். பாதித் தொல்லை அதிலேயே தீரும். ஓட்டுநர் தூங்கினாரா என்று கேட்டுவிட்டு வண்டியில் ஏறுங்கள்.

எழுதிக் கொடுக்கும் பாட்டு

பாடுபவர் பலர், கட்டுபவர் சிலர். அந்தச் சிலரில் ஒருவர் என்பதால் உங்களுக்கு இன்னொரு வருமானமும் உண்டு. கும்பாபிஷேகத்துக்குக் குலதெய்வப் பாட்டு, படத்திறப்புக்கு நினைவஞ்சலிப் பாட்டு, தேர்தலுக்கு வேட்பாளர் பாட்டு, அரசுத் துறைகளின் விழிப்புணர்வு நிகழ்ச்சிக்குப் பாட்டு. நினைவஞ்சலி கேட்டு வருபவரிடம் "அப்பா எப்படிப்பட்டவர்" என்று கேட்டால் தங்கமானவர் என்பார்கள். "அப்பா சாயங்காலம் எங்கே உட்காருவார், யாரோடு சண்டை போடுவார்" என்று கேளுங்கள். தேர்தல் பாட்டுக்கு முழுப் பணமும் முன்னால். ஒரு கட்சிக்குப் பாடிய குரல் அடுத்த ஐந்து வருஷம் அந்தக் கட்சியின் குரலாகவே ஊரில் கேட்கும் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

பதிவும் உரிமையும்

முதல் பதிவுக்கு ஸ்டுடியோ வேண்டியதில்லை. ஓட்டு வீட்டுத் திண்ணையில், காற்றில்லாத விடியற்காலையில், செல்போனோடு ஒரு சின்ன மைக் சேர்த்தால் போதும். பாட்டு முதல் சில விநாடிகளிலேயே தொடங்கட்டும், ட்ரோன் காட்சியெல்லாம் பின்னால் பார்க்கலாம். யூடியூபில் விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும் பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஸ்பாட்டிஃபை, ஜியோசாவன் போன்றவற்றுக்கு விநியோக நிறுவனம் மூலம் போகலாம். உங்கள் பதிவை அடையாளம் காட்டும் ஐஎஸ்ஆர்சி எண்ணையும் அவர்களே தருவார்கள்.

சரி, இனிமேல் சொல்வதைக் கவனமாகப் படியுங்கள். பாட்டை எழுதிய நிமிடமே வரிக்கும் மெட்டுக்கும் உரிமை உங்களுடையது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி அது உங்கள் ஆயுளுக்கும் அதற்குப் பின் 60 ஆண்டுக்கும் நிற்கும். பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்வது கட்டாயம் இல்லை, ஆனால் வரிக்கும் மெட்டுக்கும் தனித்தனியே 500 ரூபாய் கட்டிப் பதிந்துவைத்தால் தகராறில் கைகொடுக்கும். குறைந்தபட்சம் பாடிய குரல் பதிவைத் தேதியோடு உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவைத்துக்கொள்ளுங்கள்.

கேசட் கம்பெனியின் இடத்தில் இப்போது யூடியூப் சேனல்கள். "பாட்டைக் கொடு, நாங்க ஏத்துறோம்" என்பார்கள். காகிதத்தைப் படியுங்கள், ஆங்கிலத்தில் இருந்தால் தெரிந்தவரிடம் கொடுத்துத் தமிழில் கேளுங்கள். உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்கிறது சட்டம். அதனால்தான் அவர்கள் "நிரந்தரமாக, உலகம் முழுக்க" என்று எழுதிவைக்கிறார்கள். அந்த இரண்டையும் அடித்துவிட்டு மூன்று ஆண்டு என்று போடச் சொல்லிக் கேளுங்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு, பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும் ராயல்டியில் சமபங்கு பெறும் உரிமையைக் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்க முடியாது. அதை வசூலித்துத் தர ஐபிஆர்எஸ் என்ற சங்கம் இருக்கிறது. பாட்டுகள் வெளியாகத் தொடங்கியதும் உறுப்பினராகிவிடுங்கள்.

மரத்தடி ஆயாவிடம் கேட்ட பாட்டை உங்கள் சொந்தப் பாட்டு என்று போடாதீர்கள். "பரம்பரைப் பாட்டு, பாடிக் காட்டியவர் இன்னார்" என்று அவர் சம்மதத்தோடு எழுதுங்கள். விநியோக நிறுவனத்தின் படிவத்தில் அதற்கு கன்டென்ட் ஐடி (அதே பாட்டு வேறு வீடியோவில் வந்தால் யூடியூப் தானாகவே கண்டுபிடிக்கும் ஏற்பாடு) கேட்காதீர்கள். கேட்டால் நாளைக்கு அதே பாட்டைப் பாடும் அவர் பேத்தியின் வீடியோவுக்கு உங்கள் பெயரில் உரிமைக்கோரிக்கை போய் நிற்கும்.

அரசு வாசல்கள்

தமிழ்நாடு நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் முதல் வேலையாகப் பதிவு செய்யுங்கள். அடையாள அட்டை இருந்தால்தான் பல நிகழ்ச்சிகளுக்கு விண்ணப்பிக்கவே முடியும். புதுப்பிக்க வேண்டிய தேதியைச் செல்போனில் குறித்துவையுங்கள். தஞ்சாவூரிலேயே தென்னகப் பண்பாட்டு மையம் இருக்கிறது, வெளிமாநில விழாக்களுக்குக் குழுக்களை அனுப்புவார்கள். கலை பண்பாட்டுத் துறை நடத்தும் சங்கமம் விழாவுக்குத் தேர்வு அறிவிப்பு வரும்போது வீடியோ தயாராக இருக்கட்டும். மாவட்டக் கலை மன்ற விருதுகளில் 18 வயது வரைக்கும் கலை இளமணி, 19 முதல் 35 வரை கலை வளர்மணி. 1939-இல் தொடங்கிய திருச்சி வானொலி நிலையத்தில் கிராமிய இசைக்குக் குரல் தேர்வு உண்டு. பி கிரேடு கிடைத்தால்கூட நோட்டீஸில் "வானொலிப் பாடகர்" என்று போடலாம், கமிட்டிக்காரர்கள் அதைப் பார்க்கிறார்கள்.

பான் அட்டையும் வங்கிக் கணக்கும் எடுத்துவிடுங்கள். பெரிய நிறுவனங்கள் வரி பிடித்துக்கொண்டுதான் பணம் தருவார்கள், கணக்குத் தாக்கல் செய்தால் அது திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு. நாட்டுப்புறக் கலை நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வரையிலான ஊதியத்துக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கிறது. கல்லூரி விழாவுக்குக் கூப்பிட்டுவிட்டு ஜிஎஸ்டி எண் இல்லாமல் பில் போட முடியாது என்று கணக்கர் இழுத்தடித்தால் இதைச் சொல்லுங்கள்.